டிரம் பிரேக் கோளாறுகள்: பெடலில் தெரியும் அறிகுறி, டிரம்முக்குள் இருக்கும் காரணம்

பழைய காரில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றதும் ஷூ (சுற்றும் டிரம்மின் உள்பக்கத்தை அழுத்தும் வளைந்த பாகம்), வீல் சிலிண்டர் (ஆயில் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளுவது), ஹோஸ் என்று முழு செட்டையும் ஆர்டர் போட்டுவிடுகிறோம். பெட்டி வந்து சேரும். அதில் சில பாகங்கள் பொருந்தாது. பொருந்துகிறவற்றை மாட்டி ஓட்டினாலும் பழைய கோளாறு அப்படியே இருக்கும். அதனால் வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் பெடல் சொல்வதைக் கேளுங்கள், பிறகு டிரம்மைக் கழற்றி அளந்து பாருங்கள். பாகம் வாங்குவது அதற்கு அப்புறம்தான். வாங்கும்போதும் காரின் பெயரைச் சொல்லி வாங்காமல், எடுத்த அளவைச் சொல்லி வாங்குங்கள்.

பழைய கார்கள் பெரும்பாலானவற்றில் ஒற்றை சர்க்யூட் ஹைட்ராலிக் பிரேக்தான் இருக்கும். இரட்டை சர்க்யூட் அமெரிக்காவில் 1968-ல்தான் கட்டாயமானது. ஒற்றை சர்க்யூட்டில் ஏதாவது ஓர் இடத்தில் ஆயில் கசிந்து தீர்ந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும், மிச்சம் ஹேண்ட் பிரேக் மட்டுமே. ஆகவே ஒரு சொட்டுக் கசிவைப் பார்த்தாலும் அதைச் சரிசெய்யும் வரை காரை எடுக்காதீர்கள்.

டிரம்மைக் கழற்றும் முன் ஒன்று. பழைய லைனிங்குகளில் (ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே சேர்ந்திருக்கும் தூளை ஏர் அடித்து ஊதக் கூடாது, காய்ந்த பிரஷ்ஷால் தட்டவும் கூடாது. பிரேக் கிளீனரோ சோப்புத் தண்ணீரோ தெளித்து நனைத்து, துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அகற்றுங்கள். பழைய லைனிங்கை உப்புத்தாளால் தேய்க்கும் வேலையே வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, தரையில் இருக்கும் சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள்.

டிரம் கழன்று வரவில்லை

முதலில் ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரை முழுவதும் தளர்த்துங்கள். தேய்ந்த டிரம்மின் உள்விளிம்பில் ஒரு மேடு நின்றிருக்கும். ஷூ விரிந்த நிலையில் அந்த மேட்டில் மாட்டிக்கொள்வதால்தான் டிரம் வராமல் அடம்பிடிக்கும். பல டிரம்களில் இரண்டு மரையிட்ட துளைகள் இருக்கும். பொருத்தமான போல்ட்டுகளை அவற்றில் மாறிமாறிச் சிறிது சிறிதாக முறுக்கினால் டிரம் தானே வெளியே வரும். டேப்பர் ஷாஃப்டில் சாவியோடு உட்கார்ந்திருக்கும் ஹப்புக்குப் புல்லர்தான் வழி. பேக் பிளேட்டில் (ஷூக்கள் மாட்டியிருக்கும் பின்தகடு) கம்பி கொடுத்து நெம்பினால் தகடு வளைந்து, அதுவே புதுக் கோளாறாகிவிடும்.

பெடல் தாழ இறங்குகிறது, இரண்டு மூன்று முறை பம்ப் செய்தால் மேலே வருகிறது

இதை ஆயில் லைனுக்குள் புகுந்த காற்று என்று நினைத்து ஏர் எடுப்பதில் நாளைக் கழிப்பவர்கள் அதிகம். ஆனால் பம்ப் செய்ததும் பெடல் உயரத்தில் கெட்டியாக நின்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். அட்ஜஸ்டரைச் சக்கரம் பூட்டும் வரை முறுக்கி, அப்புறம் லேசாக உரசும் சத்தத்தோடு சுதந்திரமாகச் சுற்றும் வரை தளர்த்துங்கள். பெடலை ஒருமுறை அழுத்தி மிதித்துவிட்டு மறுபடி பாருங்கள். ஷூக்கள் நடுவுக்கு வந்திருப்பதால் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

முன்சக்கரத்தில் இரண்டு லீடிங் ஷூ (டிரம் சுழலும் போக்கிலேயே இழுபட்டுக் கூடுதலாக அழுந்தும் ஷூ) உள்ள அமைப்பில் ஒவ்வொரு ஷூவுக்கும் தனி அட்ஜஸ்டர் உண்டு. ஒன்றைத் திருகிவிட்டு மற்றொன்றை மறந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. பின்சக்கரத்தின் சதுரத் தலை அட்ஜஸ்டர்கள் துருப்பிடித்து இறுகியிருக்கும். அவற்றுக்குச் சரியான சதுர ஸ்பேனர் தேவை. வாய்விரிந்த ஸ்பேனரைப் போட்டால் தலை உருண்டுவிடும், பிறகு மொத்தத்தையும் மாற்ற வேண்டியதுதான்.

சரிசெய்து கொஞ்ச காலத்திலேயே பெடல் மறுபடி தாழ்கிறதா? காரில் தானே சரிசெய்துகொள்ளும் நட்சத்திரச் சக்கர அட்ஜஸ்டர் இருந்தால், இடது வலது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒருபக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. மாற்றிப் போட்டால் இடைவெளியைக் குறைப்பதற்குப் பதில் ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டே போகும்.

அட்ஜஸ்டர் கடைசி வரை போயும் இடைவெளி இருந்தால், தேய்மானத்தை அளக்கும் நேரம் வந்துவிட்டது. ஒட்டு லைனிங் 1.5 மி.மீட்டருக்குக் குறைந்தாலோ, ரிவெட் லைனிங் ரிவெட் தலைக்கு மேல் 0.8 மி.மீட்டருக்குக் குறைந்தாலோ மாற்றிவிடுங்கள். டிரம்மின் அதிகபட்ச உள்விட்டம் பல டிரம்களில் வார்ப்பிலேயே குறிக்கப்பட்டிருக்கும். மிகப் பழைய டிரம்களில் அது இருக்காது; அப்போது சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். பொதுவாகப் பல கார்களில் அசல் அளவைவிட 1.5 மி.மீ. பெரிதாகும் வரைதான் எல்லை. ஒரே அச்சிலுள்ள இரண்டு டிரம்களும் ஒன்றுக்கொன்று கால் மி.மீட்டருக்கு மேல் வேறுபடாமல் கடைந்து வாங்குங்கள்.

பெடல் ஸ்பஞ்சு போல இருக்கிறது

இங்கே முதல் சந்தேகம் காற்றுதான். பெரும்பாலான கார்களில் மாஸ்டர் சிலிண்டருக்குத் (பெடல் மிதிக்கும்போது ஆயிலை அழுத்தி அனுப்புவது) தொலைவான சக்கரத்திலிருந்து ஏர் எடுக்கத் தொடங்குவார்கள். உங்கள் காரின் மேனுவல் வேறு வரிசை சொன்னால் அதுவே சரி. காற்றை வெளியே விடும் நிப்பிளில் உள்ளே தெரியும் குழாயை மாட்டி, மறுமுனையை ஆயிலில் அமிழ்த்தி, குமிழ் நிற்கும் வரை எடுங்கள். நிப்பிள் வீல் சிலிண்டரின் மேல்பக்கம் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். சிலிண்டர் தவறான பக்கத்தில் மாட்டப்பட்டு நிப்பிள் கீழே போயிருந்தால் எத்தனை லிட்டர் ஊற்றினாலும் காற்று போகாது.

காற்று சுத்தமாகப் போயும் பெடல் மெத்தென்று இருந்தால் ஷூவின் வளைவைச் சோதிப்பது அவசியம். எனக்கு இதுதான் டிரம் பிரேக்கின் மிக முக்கியமான, அதிகம் கவனிக்கப்படாத பகுதி. டிரம்மைக் கடைந்து பெரிதாக்கியபின் அசல் வளைவுள்ள ஷூவை மாட்டினால், ஷூவின் நடுப்பகுதி மட்டும் டிரம்மைத் தொடும், இரு முனைகளிலும் இடைவெளி நிற்கும். மிதிக்கும்போது ஷூ வளைந்துகொடுக்கும்; அந்த வளைவைத்தான் காலில் ஸ்பஞ்சாக உணர்கிறீர்கள். டிரம்மின் உள்ளே சாக்பீஸ் தடவி, ஷூவைக் கையால் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள். நடுவில் மட்டும் சாக்பீஸ் ஒட்டினால் இதுவே காரணம். முனைகளில் மட்டும் ஒட்டினால் அதைவிட மோசம்: பிரேக் வெடுக்கென்று பிடிக்கும், கிறீச்சிடும்.

தீர்வு, லைனிங்கை உங்கள் டிரம்மின் இப்போதைய விட்டத்துக்கு ஏற்ப வளைவாக அரைப்பது. லைனிங் போட்டுத் தரும் நல்ல பட்டறைகளில் இதற்கான மெஷின் இருக்கும். ஷூவை மட்டும் அனுப்பாமல் டிரம்மையும் சேர்த்துக் கொடுங்கள். அரைக்கும் தூசி ஆபத்தானது என்பதால் வீட்டில் முயல வேண்டாம்.

ஹோஸ் வீங்குவதும் இதே அறிகுறியைத் தரும். ஒருவர் அழுத்தி மிதிக்க, இன்னொருவர் ஒவ்வொரு ஹோஸையும் விரலால் தொட்டுப் பார்த்தால் வீக்கம் தெரியும்.

மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்ல இறங்குகிறது

வெளியே கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப்பைத் தாண்டி ஆயில் பின்னால் போகிறது. நான்கு டிரம்மையும் திறந்து, வீல் சிலிண்டரின் தூசி உறையை லேசாக விலக்குங்கள். ஈரப்பசை மட்டும் இருந்தால் பெரிதில்லை. திரவமாக ஒழுகினால் சிலிண்டர் போய்விட்டது. பைப் இணைப்புகளையும் தரைவிரிப்புக்குக் கீழே பெடல் பகுதியையும் பாருங்கள், மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கக் கசிவு அங்கேதான் வரும். எங்கும் ஈரம் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர்தான்.

சர்வோ (எஞ்சினின் வேக்யூமால் மிதிக்கும் விசையைக் கூட்டும் கருவி) உள்ள காரில் ஆயில் குறைந்துகொண்டே வந்து, வெளியே ஒரு சொட்டும் தெரியாவிட்டால், எஞ்சின் அந்த ஆயிலை வேக்யூம் குழாய் வழியாக இழுத்து எரித்துக்கொண்டிருக்கலாம். சைலன்ஸரில் வெள்ளைப் புகை அதற்கு அடையாளம்.

நீண்ட நாள் நின்ற காரில் ஏர் எடுக்கும்போது பெடலை அடிவரை மிதிக்காதீர்கள். கப் தினமும் போய்வரும் தூரம் வரை சிலிண்டர் சுவர் வழவழப்பாக இருக்கும், அதற்கு அப்பால் துரு. அந்தத் துருவின் மேல் கப் ஏறினால் ஒரே மிதியில் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு மிதியுங்கள்.

பிரேக் விடவில்லை, சக்கரம் சூடாகிறது

கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நான்கு டிரம்மின் அருகேயும் கையைக் கொண்டுபோனால் எந்தச் சக்கரம் என்று தெரியும். தொட வேண்டாம், சுட்டுவிடும். பிறகு அந்தச் சக்கரம் இறுகியிருக்கும்போதே தூக்கி நிறுத்தி, நிப்பிளைக் கால் சுற்றுத் திறவுங்கள்.

ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. விடுபடாவிட்டால் கோளாறு இயந்திரப் பகுதியில்: இறுகிய ஹேண்ட் பிரேக் கேபிள், சோர்ந்த ரிட்டர்ன் ஸ்பிரிங், துருப்பிடித்த பிஸ்டன், அல்லது பேக் பிளேட்டில் ஷூ உரசும் மேடைகளில் விழுந்த பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஷூவின் விளிம்பு மாட்டிக்கொண்டு திரும்ப வராது. பள்ளத்தை வெல்டு வைத்து நிரப்பி, சமமாக அரத்தால் தேய்த்து, அதிக வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸ் துளி தடவுங்கள். துளி போதும்.

அழுத்தம் சிக்கியிருப்பதாகத் தெரிந்தால் எங்கே என்று தேட வேண்டும். மறுபடி மிதித்து இறுகச் செய்துவிட்டு, இந்த முறை ஹோஸுக்கு மேலே, இரும்பு பைப் சேரும் இடத்தில் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியும் சக்கரம் விடவில்லையென்றால் ஹோஸின் உள்ரப்பர் பிய்ந்து, ஒருவழி அடைப்பானாகிவிட்டது. வெளியே பார்க்கப் புதுசு போல இருக்கும் ஹோஸிலும் இது நடக்கும். அங்கே தளர்த்தியதும் விட்டுவிட்டால் காரணம் இன்னும் மேலே. நான்கு சக்கரமும் சேர்ந்து இறுகினால் நேராக மாஸ்டர் சிலிண்டருக்குப் போங்கள்: பெடலிலிருந்து வரும் புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் இடையே சிறு தளர்வு இல்லாவிட்டால் பிஸ்டன் முழுதாகப் பின்வராது, ஆயில் தொட்டிக்குத் திரும்பும் ஊசித்துளை மூடியே இருக்கும். ஓட ஓட ஆயில் சூடாகி விரிய, பிரேக் தானே இறுகும். அழுக்கு அந்தத் துளையை அடைத்தாலும் இதே கதைதான்.

மிதித்தால் கார் ஒருபக்கம் இழுக்கிறது

கார் வலப்பக்கம் இழுத்தால் பலரும் வலது பிரேக்கை நோண்டுவார்கள். பெரும்பாலும் வலது பிரேக் ஒழுங்காக வேலை செய்கிறது, இடதுதான் பிடிக்கவில்லை. டயர் காற்றையும் ஸ்டியரிங் இணைப்புகளையும் பார்த்துவிட்டு இடது டிரம்மைத் திறவுங்கள். பிஸ்டன் ஒன்று இறுகியிருக்கலாம், ஹோஸ் அடைத்திருக்கலாம், லைனிங்கில் ஆயில் ஏறியிருக்கலாம்.

பின்சக்கரமாக இருந்தால் அது எந்த ஆயில் என்று முகர்ந்து பாருங்கள். டிஃபரன்ஷியல் ஆயிலுக்குக் கந்தக நெடி உண்டு. அது அச்சின் ஆயில் சீலிலிருந்து வருவது. சீலை மாற்றுவதோடு அச்சின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், அடைத்திருந்தால் புதுச் சீலும் கசியும். ஆயில் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவினாலும் நெருப்பில் காட்டினாலும் தேறாது. சூடேறும்போது ஆயில் மறுபடி மேலே வரும். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

பெடல் கல்லாக இருக்கிறது, கார் நிற்கவில்லை

சர்வோ இருந்தால் அதை முதலில் சோதியுங்கள். எஞ்சினை அணைத்துப் பலமுறை மிதித்து, பெடலை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்று இறங்க வேண்டும். சர்வோ இல்லாத காரில் பளபளவென்று கண்ணாடியாகிப்போன லைனிங், அல்லது தவறான லைனிங்.

சமீபத்தில் பழுதுபார்த்த காரில் இந்த அறிகுறி வந்தால், மாட்டியதில் தவறு இருக்கலாம். இரண்டு லீடிங் ஷூ உள்ள முன் பேக் பிளேட்டுகள் இடம் வலம் மாறிவிட்டால், முன்னோக்கிப் போகும்போது இரண்டுமே டிரெய்லிங் ஷூவாகிவிடும், அதாவது டிரம் அவற்றைத் தள்ளிவிடுவதால் பிடி குறையும். பின்னோக்கி நகர்ந்து மிதித்துப் பாருங்கள். அப்போது நன்றாகப் பிடித்தால் இதுதான் காரணம். ஒரு ஷூ மற்றதைத் தள்ளும் பெண்டிக்ஸ் டியோ சர்வோ வகையில் இரண்டு ஷூக்களின் லைனிங் நீளம் வேறாக இருக்கும். குட்டை லைனிங் காரின் முன்பக்கம் பார்த்தும் நீளமானது பின்பக்கம் பார்த்தும் வர வேண்டும்.

அதிர்வும் சத்தமும்

பெடல் துடித்தால் டிரம் முட்டையாகிவிட்டது. கொதிக்கும் டிரம்மில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்துவதும், வீல் நட்டுகளைச் சமமாக இறுக்காததும் அதற்குக் காரணங்கள். கடைந்தபின் ஒவ்வொரு மிதிக்கும் டக் என்ற சத்தம் வந்தால், கடைசல் உளி டிரம்மில் மரை போன்ற கோடு விட்டிருக்கிறது. ஷூ அதில் ஏறிப்போய் ஸ்பிரிங்கால் திரும்ப அடிக்கிறது. மெல்லிய வெட்டில் கடைசியாக ஒருமுறை கடைந்து தரச் சொல்லுங்கள். டிரம்மைக் கம்பியில் தொங்கவிட்டுத் தட்டினால் மணிபோல ஒலிக்க வேண்டும். மொட்டையாக ஒலித்தால் விரிசல். அந்த டிரம்மை வெல்டு வைத்து ஓட்ட நினைக்காதீர்கள்.

பாகம் தேடும்போது

பழைய கார் கம்பெனிகளில் பல பிரேக்கைத் தாமே செய்ததில்லை. லாக்ஹீட், கர்லிங், பெண்டிக்ஸ், வாக்னர், ஆட்டே போன்றவர்களிடம் வாங்கி மாட்டினார்கள். அதனால் உங்கள் காரின் வீல் சிலிண்டர் வேறொரு கம்பெனியின் வேனிலும் இருந்திருக்கலாம். சிலிண்டரின் மேல் உள்ள வார்ப்பு எண்ணைத் துடைத்துப் படித்து, அந்த எண்ணால் தேடுங்கள். அமெரிக்கக் கார்களுக்கு 1934 முதல் வரும் ஹாலண்டர் இன்டர்சேஞ்ச் கையேடு எந்தப் பாகம் எந்தக் காருக்குப் பொருந்தும் என்று சொல்லும். ஷூவுக்கு எஃப்எம்எஸ்ஐ (அமெரிக்க உராய்வுப் பொருள் தர அமைப்பு) எண் ஒன்று உண்டு. அந்த எண் ஒன்றாக இருந்தால் வடிவமும் ஒன்றே.

வீல் சிலிண்டர் துளையை வெர்னியரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முக்கால் அங்குலமும் (19.05 மி.மீ.) 7/8 அங்குலமும் (22.2 மி.மீ.) வெளியே ஒன்றுபோல இருக்கும், பேக் பிளேட்டிலும் ஒன்றுபோல உட்காரும். ஆனால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பெரியது சுமார் 36 சதவீதம் அதிக விசையைத் தரும், அதற்கேற்ப அதிக ஆயிலும் கேட்கும். ஒருபக்கம் மட்டும் மாறினால் கார் இழுக்கும்; பின்னால் இரண்டும் மாறினால் பெடல் தாழ்வதோடு, அழுத்தி மிதிக்கையில் பின்சக்கரம் முதலில் பூட்டிக் கார் சுழலும். மாட்ட முடிகிறது என்பதற்காகச் சரியான பாகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மரையில் இன்னும் கவனம் தேவை. 3/8 அங்குல, அங்குலத்துக்கு 24 மரை உள்ள யூஎன்எஃப் (அங்குல அளவின் நுண்மரை) நட்டு, எம்10 அளவின் 1 மி.மீ. மரைத் துளைக்குள் போய்விடும். இறுகியது போலவும் தோன்றும். அவசரமாக மிதிக்கும் அழுத்தத்தில் பிய்த்துக்கொண்டு வரும். மரைக் கேஜ் இல்லாமல் பைப் வாங்காதீர்கள். பைப் முனை இரட்டை மடிப்பா, குமிழ் வடிவமா என்பதும் எதிர்ப்புறத்தில் அது உட்காரும் இடத்தோடு பொருந்த வேண்டும். புதுப் பைப்புக்கு எஃகு அல்லது செம்பு-நிக்கல் கலவை எடுங்கள். கலவை எளிதாக வளையும், துருப்பிடிக்காது.

பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் கிடைத்தால் டிரம், ஷூவின் இரும்பு, சிலிண்டர் உடல் ஆகியவற்றைத் தாராளமாக வாங்கலாம். அதே பெட்டியில் வரும் ரப்பர் கப்பையும் ஹோஸையும் பயன்படுத்தாதீர்கள். அலமாரியில் இருந்தாலும் ரப்பர் கெடும். சிலிண்டரே கிடைக்கவில்லையென்றால் உங்கள் சிலிண்டரைத் துளைத்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளை உறை போட்டு அசல் அளவுக்குக் கொண்டுவரலாம். பொருந்துமா பொருந்தாதா என்ற புதுப் பாகத்தைவிட இதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஷூவும் அப்படியே. பழைய ஷூ இரும்பு நேராக, விரிசலின்றி இருந்தால் அதன்மேல் புது லைனிங் போடலாம். லைனிங் விளிம்பில் அச்சிட்ட குறியீட்டின் கடைசி இரண்டு எழுத்துகள் உராய்வு எண்ணைக் குறிக்கும்: முதல் எழுத்து சூடேறும் முன், இரண்டாவது சூடேறியபின். இ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45. ஒரே அச்சில் இந்த எழுத்துகள் ஒன்றாக இருக்கட்டும். ஸ்பிரிங்கில் பெயின்ட் கருகியிருந்தால் அது சூடு வாங்கிச் சோர்ந்தது என்று பொருள். நிறமும் கம்பித் தடிமனும் பார்த்து அதே வகையை வாங்குங்கள்.

பிரேக் ஆயிலாக டாட் 4 போதும். புது நிலையில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் உறிஞ்சியபின் 155. அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்; பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். டாட் 5 சிலிகான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 பெயரில் நெருங்கி வந்தாலும் அது டாட் 4-ன் உறவு. கப்களை எஞ்சின் ஆயிலிலோ பெட்ரோலிலோ கழுவினால் ஊதிப் பெருத்துவிடும். பிரேக் ஆயிலே அவற்றுக்குப் போதும்.

முன்சக்கரத்துக்கு டிஸ்க் மாற்றுவதாக இருந்தால், டிரம்முக்கென லைனில் சுமார் 0.7 பார் அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு மாஸ்டர் சிலிண்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் பக்கம் அது இருந்தால் பேட் உரசிக்கொண்டே இருக்கும்.

மாட்டியபின்

பெடலை முழு பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, எல்லா இணைப்புகளையும் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். முதல் ஓட்டம் ஆளில்லாத இடத்தில், நடக்கும் வேகத்தில். அப்புறம் மிதமான வேகத்திலிருந்து லேசாக மிதித்து, இடையிடையே ஆறவிட்டு லைனிங்கைப் படியவையுங்கள். தொடக்கத்திலேயே சூடேற்றினால் பளபளத்துவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அட்ஜஸ்டரை மறுபடி சரிசெய்ய வேண்டும், புது லைனிங் படியும்போது இடைவெளி கூடியிருக்கும். ஹேண்ட் பிரேக் கேபிளைத் தொடுவது இதெல்லாம் முடிந்தபின்தான். முதலிலேயே அதை இறுக்கிவிட்டால் ஷூ முழுதாகத் திரும்பாது, கால் பிரேக்கில் எடுத்த எந்த அளவும் சரியாக வராது.